அரக்கில் பதிந்த குரல்

கொடுமுடி சுந்தராம்பாளின் இசைத்தட்டுகளை முன்வைத்து

பழம்பொருள்களுக்கு இன்று நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர்ப் பரணில் கிடந்து புழுதி படிந்த கிராமபோன் தட்டுகள் இப்போது கண்ணாடிப் பேழைகளில் இடம்பிடித்திருக்கின்றன. உணவு விடுதிகளின் முகப்பிலும் புதுமனைகளின் வரவேற்பறையிலும் பித்தளைப் புனல் பொருத்திய பாட்டுப்பெட்டி பளபளக்கிறது. அதன் பக்கத்தில், நாய்ப்படம் போட்ட தட்டொன்று சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தட்டில் பாடியிருப்பவர் யார் என்று வீட்டாரைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அது பாட்டுக்காக வாங்கப்பட்டதன்று, பழமைக்காக வாங்கப்பட்டது.

சேகரிப்போரின் சந்தைக்கென்று சில அளவுகோல்கள் உண்டு. ஒரு தட்டின் பிரதிகள் எத்தனை எஞ்சியிருக்கின்றன, மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கிறதா, நடுவிலுள்ள முத்திரைத்தாள் மங்காமல் இருக்கிறதா, காகித உறை கிழியாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தே விலை பேசுவார்கள். ஊசி அதிகம் படாத தட்டுக்கு மதிப்பு மிகுதி. எவரும் கேட்காத பாட்டே விலையுயர்ந்த பாட்டு என்றாகிறது! இந்த விந்தையான அளவுகோல் ஒரு கலைஞரை அறிந்துகொள்ள உதவுமா? நம் சங்ககிரியில் ரயிலேறி ஈரோட்டில் வண்டி மாறினால் சென்றடையக்கூடிய காவிரிக்கரை ஊர் கொடுமுடி. அவ்வூரின் மகள் கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) வாழ்வையும் குரலையும் வைத்து இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாக இருக்கும்.

தட்டின் பிறப்பு

அந்நாளைய தட்டு எதனால் ஆனது என்பதை அறிந்தவர் சிலரே. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைக்கும் பிசினே அதன் முதற்பொருள். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பழங்குடி மக்கள் அதைக் கிளையிலிருந்து சுரண்டிச் சேர்த்தார்கள். அதனோடு கல்மாவும் புகைக்கரியும் கலந்து, சூட்டில் இளக்கி, அச்சில் அழுத்தித் தட்டாக்கினார்கள். இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கே பதிவு செய்யப்பட்ட முதற்குரல்களுள் ஒன்று கௌஹர் ஜான் என்னும் பாடகியுடையது. பாடுவோர் ஒரு புனலின் வாய்க்குள் உரத்துப் பாட வேண்டியிருந்த நிலை, 1925ஆம் ஆண்டை ஒட்டி மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகே மாறியது. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அளவே பாட இடமிருந்தது. கைப்பிடியைச் சுற்றிப் பெட்டிக்குச் சாவி கொடுத்து, ஒவ்வொரு முறையும் புதிய எஃகு ஊசி மாற்றிக் கேட்க வேண்டும். ஊசி ஓடும்போதெல்லாம் அரக்கு சிறிது தேயும். கேட்பதற்காகச் செய்யப்பட்ட பொருள், கேட்கக் கேட்கக் குறைந்துகொண்டே வந்தது.

இந்தத் தட்டு தமிழகத்தில் வேர்கொண்ட காலம் மேடை நாடகத்தின் பொற்காலமாகவும் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பாட்டு நாடகங்கள் இரவு தொடங்கி விடியும் வரை நடந்தன. பிடித்த பாட்டு முடிந்ததும் கொட்டகை முழுதும் ‘ஒன்ஸ் மோர்’ என்று முழங்கும். நடிகர் கதையை நிறுத்திவிட்டு மறுபடியும் பாடுவார். அந்த ‘ஒன்ஸ் மோர்’ குரலுக்கு இயந்திரம் தந்த விடையே இசைத்தட்டு என்று சொன்னால் மிகையாகாது. நாடகக் கம்பெனி அடுத்த ஊருக்குப் போன பிறகும், வேண்டியவர் வேண்டியபோது ஊசியை எடுத்து ஓரத்தில் வைக்கலாம். பின்னாளில் மாரியம்மன் பண்டிகைக்கும் திருமணத்துக்கும் மைக் செட்டுக்காரர் தகரப்பெட்டியில் தட்டுகளை அடுக்கிக் கொண்டு வந்தபோது, பெட்டி வாங்க வசதியில்லாத ஊரும் பாட்டைக் கேட்டது.

வறுமை ஒரு காட்சிப்பொருளா?

சுந்தராம்பாளின் கதை நம்மில் பலருக்கு மனப்பாடம். கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் பாலாம்பாள் பிள்ளைகளை வளர்க்க அல்லலுற்றார். சிறுமி ரயிலில் பாடிக் காசு சேர்த்தாள். பெரிய மனிதர் ஒருவர் அக்குரலைக் கேட்டு வியந்து அவளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது. அந்தப் பெரிய மனிதர் ரயில்வே அதிகாரி என்று ஒரு நூல் சொல்லும். காவல்துறை அதிகாரி என்று வேறொரு நூல் சொல்லும். கண்டெடுத்தவர் யார் என்பதில்தான் எழுத்தாளர்களுக்கு எத்தனை அக்கறை! அந்தக் குழந்தை எப்படிப் பாடக் கற்றுக்கொண்டது, ஓடும் வண்டியின் இரைச்சலை மீறி ஒரு பெட்டி முழுவதையும் தன்பால் திருப்பும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அரியர்.

இங்கேதான் நம் விமர்சனம் தொடங்க வேண்டும். ஏழ்மையிலிருந்து உயர்ந்த கலைஞரின் கதையையும் நாம் ஒரு சேகரிப்புப் பொருளாக ஆக்கிவிட்டோம். அதுவும் பேழைக்குள் இருக்கிறது. அதுவும் தேயாமல் பளபளக்கிறது. மேடைப் பேச்சாளர் அதை எடுத்துக் காட்டுகிறார். கேட்போர் கண் கலங்குகின்றனர். பின்னர் அது பேழைக்குள் திரும்பி விடுகிறது. வறுமை அவருக்குக் குரலைத் தரவில்லை. அதே ரயிலில் பாடி, எவரும் திரும்பிப் பார்க்காமல் மறைந்த குழந்தைகள் எத்தனையோ பேர். வறுமை அவருக்குத் தந்தது ஒரு கடினமான பயிற்சிக்களம். கேட்க விருப்பமில்லாதவரையும் கேட்க வைக்க வேண்டும். அடுத்த நிலையம் வருமுன் வைத்துவிட வேண்டும். இசைத்தட்டின் மூன்று நிமிடம் வருவதற்கு முன்னரே அவர் அந்தச் சுருக்கத்துக்குப் பழகியிருந்தார் எனலாம்.

பின்னர் வந்த நாடகப் பயிற்சி இதைவிடக் கடியது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் சிறுவன் வேடம் ஏற்றுத் தொடங்கிய அவர், குழுவினரோடு கடல் கடந்து இலங்கைக்கும் சென்று நடித்தார். ஒலிபெருக்கி இல்லாத மேடை அது. கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் சிதையாமல் போய்ச்சேர வேண்டும். ஆகவே உச்சக்குரலும் தெளிந்த உச்சரிப்பும் அந்த மேடையில் பிழைப்புக்கு வேண்டிய கருவிகளாயின.

குரலின் இயல்பு

அவருடைய பாடலைக் கேட்பவர் முதலில் உணர்வது தொண்டையின் திறப்பு. குரலை மென்மையாக்கிக் காட்டும் முயற்சி சிறிதும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே மேல்சுரத்தில் ஏறி நிற்கும். அங்கிருந்து இறங்கி வருவதற்கு அவசரப்படாது. தாளமின்றிப் பாடும் விருத்தத்தில் இவ்வியல்பு மேலும் துலங்கும். ஒவ்வொரு சொல்லும் முழுமையாக ஒலித்த பின்னரே அடுத்த சொல்லுக்கு வழிவிடும். வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும்; ழகரம் ழகரமாகவே நிற்கும். நெடிலை நீட்டும்போது சொல்லின் பொருள் அந்நீட்சியில் கரைந்துவிடாமல் காப்பார். சங்கீத வித்துவான்களின் நுணுக்கமான கற்பனைச் சுரங்களை அவரிடம் தேடுவோர் ஏமாறக்கூடும். சொல்லைப் பாட்டாக்கும் கலையில் அவருக்கு நிகரானவர் மிகச்சிலரே.

இதற்கு ஒரு சான்று கூறலாம். 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் ஔவையாராகப் பாடியபோது அவருக்கு வயது 57ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய குரல்களைத் திரையுலகம் நாடத் தொடங்கி வெகுகாலமாகியிருந்தது. மைக்கின் முன் மெதுவாகப் பாடினாலே போதும் என்றாகிவிட்ட அந்தக் காலத்திலும், அவர் கடைசி வரிசைக்கே பாடினார். இன்று அப்பாடலைக் கேட்கும் இளைஞர்களுக்கு அது சற்று முரட்டுக் குரலாகத் தோன்றலாம். அந்த முரட்டுத்தன்மை மண்தரைப் பார்வையாளருக்குக் காட்டிய மரியாதை என்பதை உணர்ந்து கேட்டால், செவி வேறுவிதமாகத் திறக்கும்.

அவர் பாடியவை பெரும்பாலும் முருகன் மீதும் சிவன் மீதும் அமைந்த பக்திப் பாடல்கள். நம் வாசகர்கள் அவற்றைக் கேட்க அது தடையாகாது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளைச் சமய வேறுபாடு கருதாமல் தமிழ் மேடைகள் பாடி வந்திருக்கின்றன. அதே பெருந்தன்மை நம் செவிக்கும் வேண்டும்.

வெள்ளைப் புடவை

இலங்கையில் நடித்த காலத்தில் சுந்தராம்பாளுக்கு அறிமுகமானவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1927இல் இருவரும் மணந்தனர். ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இருவரும் எதிரெதிர் நின்று பாடிய போட்டிப் பாட்டுக்காகவே மக்கள் கூட்டம் திரண்டது. மணவாழ்க்கை அவருக்கு இன்பத்தைவிடத் துன்பத்தையே மிகுதியாகத் தந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா தம் 27ஆம் வயதில் காலமானார். சுந்தராம்பாள் அன்று உடுத்த வெள்ளைப் புடவையை இறுதிவரை மாற்றவில்லை. ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இதையும் நாம் கண்ணீர்க் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். அடுத்து நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் கதை வேறு வடிவம் கொள்கிறது. 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அவர் ஒப்புக்கொண்டபோது பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை அது. இணைநடிகர் இல்லாத வேடம் வேண்டும் என்ற அவருடைய நிபந்தனைக்கு ஏற்ப, அவர் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார்; வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். படத்தைக் கல்கி கடுமையாகக் கேலி செய்து எழுதினார். நடிப்பைப் பொறுத்தவரை அக்கேலியில் நியாயம் இருந்திருக்கலாம். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் குரலாக, சமூகம் மூலையில் உட்கார்த்தி வைக்க விரும்பும் ஒரு கைம்பெண் பாடியதன் பொருளை அக்காலத்து விமர்சனம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: ‘மணிமேகலை’ (1940), ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள் (1964), ‘காரைக்கால் அம்மையார்’ (1973). வீட்டையும் மணவாழ்வையும் கடந்து வந்து, தம் சொல்லால் மட்டுமே மதிக்கப்பட்ட பெண்கள் இவர்கள். விதி தந்த வெள்ளையுடையை அவர் தமிழ் மரபிலுள்ள துறவுப் பெண்களின் உடையாக மாற்றிக்கொண்டார். இரங்கத்தக்கவளாக அன்றி, அறிவுரை சொல்லும் உரிமை பெற்றவளாகத் திரையில் நின்றார். ‘பூம்புகார்’ படப்பாடலில் இறைவனை ஐயுறும் ஒரு வரியைப் பாட அவர் மறுத்தார் என்றும், எழுதிய மு. கருணாநிதி அவ்வரியை மாற்றித் தந்தார் என்றும் கூறுவர். விடுதலை இயக்க மேடைகளில் காங்கிரசுக்காகப் பாடிய அவர், 1951இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். ‘துணைவன்’ படப்பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. தம் குரலுக்கு என்ன விலை, எதைப் பாடலாம், யாரோடு நிற்கலாம் என்று தாமே தீர்மானித்த ஒரு பெண்ணை ‘ரயிலில் பாடிய ஏழைச் சிறுமி’ என்ற சட்டத்துக்குள் மட்டும் அடைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

சேகரித்தோர் செய்த நன்மை

இவ்வளவு சொன்னதால் சேகரிப்போர் மீது குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அவர்களால் நாம் பெற்ற நன்மை பெரிது. கிட்டப்பா திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. தமிழ்ப் பேசும்படம் அரும்பிய நாள்களிலேயே மறைந்துவிட்டார். அவர் பாடிய தட்டுகளை எவரேனும் பாதுகாக்காமல் விட்டிருந்தால், அவர் நமக்கு வெறும் பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார். 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பிரதி கிடையாது. படச்சுருள் எரிந்தும் மக்கியும் போயிற்று. அரக்குத் தட்டு எஞ்சியது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, கைப்பொருளைச் செலவிட்டு நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் திரட்டி வைத்தார். குப்பை என்று பிறர் ஒதுக்கியவை அவை. 1992இல் அவர் மறைந்த பிறகு அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைத்தது. அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. ஒருவரின் பேழை பலரின் நூலகமானது. சேகரிப்புக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. கடைகளில் ‘பழங்காலத்துப் பெட்டி’ என்று விற்கப்படும் பித்தளைப் புனல் பெட்டிகள் பல அண்மையில் செய்யப்பட்ட போலிகள். அவற்றில் தட்டை ஓட்டினால் கனத்த ஒலிமுனையும் தேய்ந்த ஊசியும் வரிப்பள்ளங்களை அறுத்துவிடும். அழகுக்கு வாங்கிய பெட்டி, எஞ்சியிருந்த குரலையும் அழிக்கிறது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரையும் நம்பிக்கையையும் பாடிய பெஸ்ஸி ஸ்மித்தின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அவரும் இளமையிலேயே பெற்றோரை இழந்து, சகோதரரோடு தெருவில் பாடிப் பிழைத்தவர். அவரும் ஒலிபெருக்கி இல்லாத மேடையில் வளர்ந்தவர். 1923இல் வெளிவந்த அவரது முதல் தட்டு பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஆன்ம இசை என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய பாடகியர் பலருக்கு அவரே மூதாய். 1937இல் சாலை விபத்தில் இறந்தார். அவருடைய தட்டுகளைச் சேகரிப்போர் தேடித்தேடி வாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவருடைய கல்லறைக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் வேறொரு பெண்மணியும் பணம் கொடுத்து 1970இல்தான் அந்தக் கல் நடப்பட்டது. பொருளை விரும்பியவர்களுக்குத் தோன்றாதது குரலைக் கேட்டவர்களுக்குத் தோன்றியது.

பொருளும் நினைவும்

புனிதர்களின் திருப்பண்டங்களைப் போற்றும் மரபில் வந்த நமக்கு, ஒரு பொருளின் வழியே ஒருவரை நினைவுகூர்வது புதிதன்று. அந்தப் பொருளை விற்பனைச் சரக்காக்குவதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் விதி தடை செய்கிறது. பண்டத்தின் மதிப்பு அது சுட்டும் வாழ்வில் இருக்கிறது என்பதே அத்தடையின் உட்கருத்து. பாடகரின் தட்டு திருப்பண்டமன்று. அதை வாங்கவும் விற்கவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும் அந்த உட்கருத்திலிருந்து சேகரிப்போர் பாடம் கற்கலாம்.

காந்தியடிகள் கொடுமுடியில் சுந்தராம்பாளின் இல்லத்துக்கு வந்தபோது அவருக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டது என்றும், ‘உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா?’ என்று அவர் நகைச்சுவையாகக் கேட்கவே அம்மையார் தட்டையும் கொடுத்துவிட்டார் என்றும், அது ஏலம் விடப்பட்டுப் பொதுப்பணிக்கு நிதியாயிற்று என்றும் ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. அந்தத் தங்கத் தட்டு இன்று இருந்திருந்தால் சேகரிப்போர் அதற்குப் பெருவிலை கொடுத்திருப்பார்கள். கொடுத்தவரோ அதைப் பேழையில் வைக்க நினைக்கவில்லை.

நம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் இன்னும் சில தட்டுகள் பரண்மேல் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர் செய்யத்தக்கவை எளியவை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நூல்களைப் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் படாமல் காக்க வேண்டும். மெல்லிய துணியால் தூசு துடைக்கலாம். ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். நூலகத்தாரோ பயிற்சி பெற்றவரோ ஒருமுறை முறையாக ஓட்டிக் கணினியில் பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு எத்தனை முறை கேட்டாலும் தட்டு தேயாது. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டுச் சட்டம் வழங்கும் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டுகள். 1930களின் பதிவுகளுக்கு அது என்றோ கடந்துவிட்டது. இத்தட்டுகளிலுள்ள ஒலிப்பதிவைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள அந்த வகையில் தடை இல்லை.

அவ்வாறு பதிவான குரலை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். முதலில் ஊசியின் இரைச்சல் எழும். பிறகு குரல் வரும். ‘பாவம், ஏழையாகப் பிறந்தவர்’ என்று அவர்களுக்குச் சொல்லித் தொடங்க வேண்டாம். முதலில் பாட்டைக் கேட்கட்டும். ஓடும் வண்டியில் ஒரு பெட்டி முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்த அந்தக் குரல் அவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தால், யார் இவர் என்று அவர்களே கேட்பார்கள். அவர் கதையை அப்போது சொல்லலாம்.